ஜோங்காவின் சேசிஸ் நம்பரைத் தேடி காரைக்காலுக்கு

தை மாதம் மூன்றாவது சனிக்கிழமை காரைக்கால் போய்விட்டு வந்தேன். கோயில் பார்க்கவில்லை, கடற்கரையில் காற்று வாங்கவில்லை, பிரெஞ்சுக் காலத்துக் கட்டடம் எதற்கு முன்னாலும் நின்று படம் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்காக இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் இப்போதே திரும்பிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். பழைய வண்டி ஒன்றின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன். இந்தக் கிறுக்கு உள்ளவர்கள் குறைவுதான், ஆனால் இருக்கிறார்கள். மாதத்துக்கு நாலு பேராவது எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் நேரம், தூரம், செலவு எல்லாம் விடாமல் போட்டிருக்கிறேன்.

என்னிடம் ஒரு ஜோங்கா இருக்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ராணுவத்துக்கென்றே செய்யப்பட்ட, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. பார்வைக்கு ஜீப்புக்கு அண்ணன். ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் அன்று நல்ல நாள். ராணுவம் கழித்துவிட்டவை ஏலத்தில் வெளியே வந்து, எஸ்டேட்டிலும் மலையிலும் ஓடித் தேய்ந்து, இன்றைக்கு உயிரோடு இருப்பவை கொஞ்சம்தான். என்னுடையதை ஆறு வருடத்துக்கு முன் என் நண்பன் குமரேசனிடம் வாங்கினேன். திருச்சி பாலக்கரையில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். நான் எழுதிய கொல்லிமலை, பச்சைமலைப் பயணங்களில் எல்லாம் கூடவே வந்தவன். அவனை ஏன் இப்போதெல்லாம் காணோம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்கும் பதில் இந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது.

எட்டு மாதத்துக்கு முன் வண்டியின் பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுபோனேன். மோட்டார் வாகன ஆய்வாளர் குனிந்து, முன்பக்க வலது சக்கரத்துக்கு அருகே, அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் சேசிஸ் நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் டார்ச் அடித்தார். நம்பர் இல்லை. ஸ்குரூ டிரைவரால் பெயின்ட்டைச் சுரண்டினார். உள்ளே இரும்பு தெரியவில்லை, பழுப்பாகக் கெட்டியாக ஏதோ ஒரு பூச்சு. நம்பரை மறைத்த வண்டி என்றால் அந்த வட்டாரத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். “இதைத் தொடாதீங்க, தொட்டா நீங்கதான் அழிச்சீங்கன்னு ஆயிடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். என் மெக்கானிக்கும் பார்த்துவிட்டு, நம்பரை ராவி எடுத்துவிட்டு மேலே பூசியிருக்கிறார்கள், திருட்டு வண்டிக்கு இப்படித்தான் செய்வார்கள் என்றார்.

அன்று சாயங்காலமே குமரேசன் கடைக்குப் போனேன். வாடிக்கையாளர்கள் மூன்று பேர் நிற்கும்போதே, “திருட்டு வண்டியை என் தலையில கட்டிட்டியேடா” என்றேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். அவன் கல்லாவைப் பூட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். அதோடு பேச்சு நின்றது. வண்டி மெக்கானிக் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. வண்டி போனால் போகட்டும். குமரேசன் என்னை ஏமாற்றினானா, இல்லை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவனை அசிங்கப்படுத்தினேனா, அது தெரியாமல் கிடந்ததுதான் என்னை அரித்துவிட்டது. கோபமாக இருப்பதும் ஒரு வேலைதான். எட்டு மாதம் செய்து எனக்கு அலுத்துவிட்டது.

பழைய ஆர்.சி. புத்தகத்தின் ஜெராக்ஸ் என்னிடம் இருந்தது. ராணுவ ஏலத்தில் முதலில் வாங்கியவர் காரைக்காலைச் சேர்ந்த ஒரு வியாபாரி. அவரிடமிருந்து கும்பகோணத்தில் ஓர் ஒர்க்‌ஷாப், அங்கிருந்து குமரேசன், பிறகு நான். கும்பகோணத்து ஒர்க்‌ஷாப் மூடிப் பல வருடம் ஆகிறது, அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மிச்சம் காரைக்கால்தான். வண்டி காரைக்காலை விட்டுப் போகும்போதே நம்பர் மறைந்திருந்தால் குமரேசன் மேல் பழி இல்லை. அப்போது தெளிவாக இருந்திருந்தால், மறைத்தது கும்பகோணமாக இருக்கவேண்டும், அல்லது அவனாக இருக்கவேண்டும். இதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

திருச்சி ஜங்ஷனில் காலை 6.50 ரயில். டிக்கெட் 40 ரூபாய். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் போகும். சுமார் 150 கிலோமீட்டருக்கு நாலு மணி நேரம். ஜன்னலோரம் கிடைத்தும் பயனில்லை, திருவாரூருக்குள் என் முதுகு விண்டுவிட்டது. ஐம்பத்து நாலு வயதுக்கு இந்த மரப்பலகை சீட்டு ஆகாது. முதுகுவலிக்காரர்கள் ஒரு சின்னத் தலையணை எடுத்துக்கொண்டு போங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

10.50க்குக் காரைக்கால். ஆர்.சி.யில் இருந்த விலாசத்துக்கு ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ 80 ரூபாய். விலாசத்தில் வீடு இல்லை, நாலு மாடி அடுக்ககம் இருந்தது. வாட்ச்மேன் வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பிவிடலாமா என்று நினைத்தேன், மனசார நினைத்தேன். ஆட்டோக்காரர்தான் விடவில்லை. பக்கத்து மளிகைக் கடையில் அவரே போய் விசாரித்துவிட்டு வந்து, “ஐஸ் கம்பெனி பாய் வீடுதானுங்களே நீங்க கேக்கறது? அவுங்க மகன் கோவில்பத்துல இருக்காருங்க. ஏறுங்க” என்றார். கோவில்பத்து ஊரின் ஓரம். இன்னொரு 60 ரூபாய்.

அந்த மகன் பெயர் நஜ்முதீன். என் வயதுதான் இருக்கும். சார்ஜாவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பி, இப்போது வீட்டின் முன்பகுதியில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். செல்போனில் என் ஜோங்காவின் படத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர் திருப்பித் தரவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“எங்க வாப்பா வண்டிங்க இது. அவுங்க மவுத்தாயி ஏழு வருசமாச்சு. வண்டி இன்னும் இருக்கா?”

இருக்கிறது என்றேன். இறந்துபோன அப்பாவின் வண்டியைக் கேட்பவரிடம், எந்த நிலையில் என்று சொல்ல வாய் வரவில்லை. டீ வந்தது, பிஸ்கெட் வந்தது, பிறகு கதையும் வந்தது. அவருடைய வாப்பா ஐஸ் கம்பெனி நடத்தினார். மண்டபத்தூர்க் கடற்கரையில் மணலுக்குள் மற்ற வண்டிகள் புதைந்துவிடும் என்பதால், படகு வரும் இடத்துக்கே ஐஸ் கொண்டுபோய், அங்கிருந்து மீனை ரோட்டுக்கு எடுத்து வர ஜோங்காவை ஏலத்தில் எடுத்தாராம். போகப் போக, படகுகளைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுக்கவும் அதையே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். டிராக்டர் வந்ததும் ஜோங்காவுக்கு வேலை போனது, கும்பகோணத்துக்காரர்கள் வந்து வாங்கிப் போனார்கள். இதெல்லாம் நஜ்முதீன் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டது. அப்போது அவர் சார்ஜாவில் இருந்தார்.

சேசிஸ் நம்பரைப் பற்றிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, ஆனால் வாப்பாவின் கோப்பு அப்படியே இருக்கிறது என்று மாடிக்குப் போனார். இருபது நிமிடம் கழித்து, கரையான் ஓரத்தைத் தின்ற ஓர் அட்டைக் கோப்போடு இறங்கினார். அதில் ஒரு பென்சில் பிரதி இருந்தது. ஏலத்தில் எடுத்த வண்டியை முதல்முறை பதியும்போது, வெட்டப்பட்ட நம்பரின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்களே, அது. எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று இருந்தது. ஆர்.சி.யில் உள்ள நம்பரேதான்.

அப்படியானால் ஏலத்தில் எடுத்தபோது நம்பர் இருந்திருக்கிறது. இங்கே இருந்தது, என்னிடம் வரும்போது இல்லை. இடையில் இங்கேயே என்ன நடந்திருக்கும் என்று யோசிக்காமல், நான் சொன்னது சரிதான் என்று முடிவுகட்டிவிட்டேன். எட்டு மாதமாக எதற்காகக் காத்திருந்தேனோ அது கையில் இருக்கிறது, ஆனால் எனக்குச் சந்தோஷமே வரவில்லை. குமரேசன் அப்படிச் செய்துவிட்டானா என்றுதான் மனசு திரும்பத் திரும்பக் கேட்டது. நன்றி சொல்லிவிட்டு, பென்சில் பிரதியைப் படம் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

திரும்பும் ரயில் 4.20க்குத்தான். மணி ஒன்றுகூட ஆகவில்லை. நஜ்முதீன் சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார். அவர் வீட்டில் மீன் ஆணம் என்று சொல்லும் குழம்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும், ஒன்று மட்டும் சொல்கிறேன், அன்று முழுவதிலும் அது ஒன்றுதான் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடந்தது. கை கழுவும்போது அவர், “மண்டபத்தூர் போயி கலியமூர்த்திய ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க. வண்டிய ஓட்டுனது அவருதான். வண்டி உசுரோட இருக்குன்னு தெரிஞ்சா சந்தோசப்படுவாரு” என்றார். சாப்பிட்ட வீட்டில் இல்லை என்று சொல்ல முடியுமா? போகவே விருப்பம் இல்லாமல் கிளம்பினேன்.

கோவில்பத்தில் தரங்கம்பாடி பஸ், 12 ரூபாய். வரிச்சிக்குடிக்கு முன்னால் நெல் அறுக்கும் மிஷின் ஒன்று ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு ஊர்ந்தது, அதன் பின்னாலேயே நாங்களும் ஊர்ந்தோம். எட்டு கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து நிமிடம். மண்டபத்தூர் மெயின் ரோட்டில் இறங்கிக் கிழக்கே ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆட்டோ கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பாதி வழியில் நாக்கு தள்ளிவிட்டது.

கலியமூர்த்தியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கரையில் கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகுக்குப் பக்கத்தில், ரெசின் வாடை மூக்கைத் துளைக்கும் இடத்தில் இருந்தார். படகு ஓட்டை அடைப்பதுதான் இப்போது அவர் தொழில். ஐம்பது வயது, கை இரண்டிலும் பிசின் காய்ந்து தோல் மாதிரி ஒட்டியிருந்தது. அவர் மனைவி வசந்தா பக்கத்தில் உட்கார்ந்து ஃபைபர் மேட்டைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மேட்டு வெள்ளையாகக் கண்ணாடி நூலில் செய்த துணி, அதை ஓட்டையின் மேல் வைத்து ரெசினை ஊற்றித் தேய்த்தால் கல்லாக இறுகிவிடும். வண்டியின் படத்தைக் காட்டினேன். கலியமூர்த்திக்கு முன்னால் அந்த அம்மா பார்த்துவிட்டார்.

“இந்த வண்டியா? நம்ம படகுக்குன்னு வாங்கி வச்ச ரெசின எடுத்து இதுக்கு ஊத்துன மனுசன்தாங்க இவரு. படகு ரெண்டு மாசம் கரையிலயே கெடந்துச்சு” என்றார்.

வண்டிக்கு ரெசின் எதற்கு என்றேன்.

கலியமூர்த்தி மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். “அடிச்சட்டம் உப்புத் தண்ணியில அரிச்சு பொத்தல் பொத்தலா போச்சுங்க. வெல்டிங் வைக்க டவுனுக்குப் போனா, இரும்பு பேப்பர் மாரி இருக்கு, வைக்க முடியாதுன்னுட்டாங்க. படகுல பொத்தல் விழுந்தா நாங்க என்ன செய்வோம்? சுரண்டிட்டு, மேட்டு வச்சு, ரெசின் அடிப்போம். இதுக்கும் அதத்தான் செஞ்சேன். வலப் பக்கம் முழுசும் மூணு தாளு.”

“அந்த இடத்துல நம்பர் வெட்டியிருந்துச்சே, பார்த்தீங்களா?”

“ஏதோ எழுத்து இருந்துச்சுங்க. அதுக்கு மேலதான் அடிச்சேன்.” கொஞ்சம் யோசித்தார். “வண்டி நம்பரு முன்னாடி பலகையில இருக்கு. படகு நம்பர நாங்க வெளியதான் பெயின்ட்ல எழுதறோம். கண்ணுக்குத் தெரியாம அடியில ஒரு நம்பர வச்சிருப்பாங்கன்னு யாருக்குங்க தெரியும்?”

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். உலகம் முழுக்க நம்பரை மறைப்பவன் திருடன். இந்த ஒரு ஊரில் மட்டும் அது படகு வைத்தியம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அப்பாடா என்றும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த மூன்று வாடிக்கையாளர்களின் முகம்தான் ஞாபகம் வந்தது.

நடந்ததைச் சொன்னேன், நண்பன் விஷயம் உட்பட. கலியமூர்த்திக்குத் தன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று மனசு கேட்கவில்லை. வசந்தா, அடுத்தவர் வண்டிக்கு எதற்கு இந்த ஆள் ஆசைப்பட்டார் என்று பழைய கணக்கை எடுத்துவிட்டார். ஆனால் வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பூச்சுக்கு அடியில் நம்பர் இன்னும் இருக்கிறதா, அது இந்த நம்பர்தானா என்று கண்ணால் பார்த்தால்தான் குமரேசன் முகத்தில் விழிக்க முடியும். ஊருக்குப் போனதும் கிரைண்டர் வைத்து எடுத்துவிடுகிறேன் என்றேன்.

“ஐயோ, கிரைண்டர் வைக்காதீங்க” என்றார் கலியமூர்த்தி. உள்ளே இரும்பு இந்நேரம் செத்திருக்கும், நம்பர் அதில் இருக்காது, ஆனால் ரெசினில் இருக்கும் என்றார். எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் கிடந்த பழைய படகுத் துண்டு ஒன்றைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் ஒரு ஆணியின் தலை அச்சு அசலாக எழும்பி நின்றது. படகு வார்த்த அச்சில் ஆணித்தலை பதிந்து விழுந்திருந்த பள்ளம், படகில் அப்படியே மேடாக வந்துவிட்டதாம். “ஓரத்துல உளியக் குடுத்து மெல்ல நெம்புங்க. துரு புடிச்ச எடத்துல ஒரே தாளா உரிஞ்சு வந்துரும். உள்பக்கத்தப் பாருங்க. எழுத்து இருந்தா, திருப்பி எழுதுன மாரி அதுல நிக்கும்.”

4.20 ரயிலைப் பிடிக்க கலியமூர்த்தியே தன் பைக்கில் கொண்டுவந்து விட்டார், பெட்ரோலுக்குக்கூட வாங்கவில்லை. வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: அந்த நண்பரிடம் நான் வந்து சொல்லட்டுமா? வேண்டாங்க என்றேன்.

அடுத்த புதன்கிழமை, ஆய்வாளரின் அனுமதியோடு, அவருக்கு முன்னாலேயே என் மெக்கானிக் உளியைக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டடி நீளத்துக்கு ஒரு தகடு கழன்று வந்தது. அதோடு இரும்பும் செதில் செதிலாகக் கொட்டியது. சட்டத்தில் இரண்டு விரல் போகும் ஓட்டை. நம்பர் வெட்டிய இரும்பு தூளாகத் தரையில் கிடந்தது. தகட்டின் உள்பக்கத்தில் துருவைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். எழுத்துகள் ஒவ்வொன்றாக, இடவலம் மாறி, எழும்பி நின்றன. மெக்கானிக் செல்போனில் படம் எடுத்துத் திருப்பிப் போட்டார். பென்சில் பிரதியோடு வைத்துப் பார்த்தோம். ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆய்வாளர் இரண்டு முறை படித்தார், எழுதிக்கொண்டார், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இதுவரை பதில் வரவில்லை. வந்தாலும் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு வண்டியை ரோட்டில் இறக்க முடியாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

இப்படித் தேடிப் போக நினைப்பவர்களுக்கு: ஆர்.சி. புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பக்கம் மட்டும் போதாது. விலாசம் மாறியிருக்கும், பக்கத்துக் கடையில் தொழில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், ஆள் பெயரைவிட அதுதான் நிற்கிறது. வியாபாரக் குடும்பங்களில் பழைய கோப்பைத் தூக்கிப் போடுவதில்லை, பென்சில் பிரதி கிடைக்கும். கடலோரத்தில் ஓடிய வண்டி என்றால் அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், டங் என்று கேட்காவிட்டால் கிரைண்டரைக் கிட்டே விடாதீர்கள். காரைக்கால் பயணத்தில் எனக்குச் செலவு போகவர 80, ஆட்டோ 140, பஸ் 12, மொத்தம் 232 ரூபாய். சாப்பாடு நஜ்முதீன் வீட்டில்.

புதன்கிழமை மத்தியானமே அந்தத் தகட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு குமரேசன் கடைக்குப் போனேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள், நல்லதுதான் என்று நினைத்தேன். அவர்களுக்கு முன்னாலேயே, நான் சொன்னது தப்புடா, மன்னிச்சிரு என்றேன். தகட்டை மேஜைமேல் வைத்துக் காரைக்கால் கதை முழுவதையும் சொன்னேன். அவன் தகட்டைத் தொட்டுப் பார்த்தான். திருப்பி எழுதியிருந்ததைக் கண்ணாடியில் காட்டிப் பார்க்காமலே படித்தான், உதிரிபாகக்காரன் அல்லவா.

“இதுக்குள்ள நம்பர் இருக்கும்னு எனக்குத் தெரியாது” என்றான். “ஆனா கும்பகோணத்துல வாங்கும்போதே சொன்னாங்க, கடற்கரையில ஓடுன வண்டி, அடியில ஃபைபர் அடிச்சிருக்குன்னு. நீ கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லிருப்பேன். காரைக்கால் வரைக்கும் போயி, முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட எல்லாம் உக்காந்து பதமாக் கேட்டிருக்க. எங்கிட்ட நீ கேக்கவே இல்லயேடா.”

அவன் வாடிக்கையாளருக்கு பிரேக் ஷூ எடுத்துக் கொடுக்கத் திரும்பிக்கொண்டான். போ என்று சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. நான் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். நாளைக்கும் போவேன்.

ஆகவே, வண்டியின் பூர்வீகம் தேடுகிறவர்கள் முதலில் விற்றவரிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். குமரேசன் கடை என் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். பஸ் நேரே போகிறது, டிக்கெட் பத்து ரூபாய், இருபது நிமிடம்கூட ஆகாது.